டாமினோ கள்ளி பூக்கலயா? தண்ணிய நிறுத்திப் பாருங்க

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "முள்ளே இல்லாத உருண்டைக் கள்ளி, வாங்கி மூணு வருஷம் ஆச்சு, ஹால்ல வச்சு ரெண்டு நாளைக்கு ஒருதடவ தண்ணி ஊத்துறேன், ஒரு பூ கூட வரல, மேல வெள்ளையா பஞ்சு வேற இருக்கு, பூச்சியா?"

பஞ்சுக்கு பயப்படாதீங்க. மடிப்பு மேல வரிசையா புள்ளி வச்ச மாதிரி இருந்தா அது செடியோடதுதான், டாமினோன்னு புள்ளி போட்ட விளையாட்டுக் கட்டை இருக்குல்ல, அது மாதிரி இருக்குறதாலதான் அந்தப் பேரே, உள்ள குட்டி முள்ளு ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும். அதுவே பள்ளத்துலயும் அடியிலயும் தாறுமாறா அப்பியிருந்து, குச்சியால தொட்டா பிசுபிசுன்னு வந்தா மாவுப்பூச்சி. பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டு துடைச்சிடுங்க.

பூக்காததுக்கு காரணம் தண்ணியும் நிழலும். எக்கினாப்சிஸ் சப்டெனுடேட்டான்னு சொல்ற இந்தச் செடிக்கு சொந்த ஊரு பொலிவியாவோட தெக்குப் பக்கம், பராகுவேலயும் இருக்கு. அங்க கோடையிலதான் மழை, குளிர்காலம் பூரா காய்ஞ்சு கிடக்கும், செடியும் சும்மா கிடக்கும், அந்த ஓய்வு கிடைச்சாதான் அடுத்து மொட்டு வைக்கும். வருஷம் பூரா ஊத்துனா அது எப்பங்க ஓயும்? அதனால டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் தண்ணி காட்டாதீங்க, மழையும் படக்கூடாது. லேசா சுருங்கும், பாக்க பாவமா இருக்கும், ஆனா செத்துடாது. மார்ச்ல ஒருதடவ அடி ஓட்டை வழியா வழியற அளவுக்கு ஊத்துங்க, அப்புறம் மண்ணு முழுசா காய்ஞ்ச பிறகுதான் அடுத்தது. மண்ணுல பாதிக்கு பாதி பெருமணல் இருக்கட்டும், வெறும் செம்மண்ணுன்னா வேர் அழுகிடும்.

வெளிச்சத்துக்கு காலை வெயில் நாலு மணி நேரமாவது படணும், ஆனா ஹால்லேர்ந்து எடுத்து ஒரே நாள்ல மொட்டை மாடில வச்சிடாதீங்க, தோல் வெந்து பழுப்பாயிடும், அந்தத் தழும்பு போகவே போகாது. ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

மொட்டு வர்றப்போ ஒரு பஞ்சுப் புள்ளிலேர்ந்து முடி மொளைச்ச கருப்பு உருண்டை எட்டிப் பாக்கும். குட்டிச் செடின்னு நெனச்சு கிள்ளிடாதீங்க, குட்டின்னா பச்சையா மடிப்போட வரும். மொட்டு ரொம்ப நாள் அப்படியே இருந்துட்டு கடைசி சில நாள்ல செடியவிட நீளமா கிடுகிடுன்னு வளரும், அந்த நேரத்துல தொட்டிய இடம் மாத்த வேண்டாம். இருட்டுற நேரத்துல வெள்ளையா விரிஞ்சு ராத்திரிதான் வாசனை வீசும், மறுநாள் வெயில் ஏறுனா தொங்கிடும். அதனால மொட்டு நீளமானா தினமும் சாயங்காலம் ஒரு எட்டு போய் பாத்துடுங்க.