தீர்ப்பு யாருடையது? நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவு: கேள்வி-பதில்

கேள்வி: ஜாமீன் வழக்கு ஒன்றில் நீதிபதியே சாட்ஜிபிடியிடம் கருத்துக் கேட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் சிட்காரா, 2023 மார்ச்சில் கொலை வழக்கு ஒன்றின் ஜாமீன் மனுவை விசாரித்தபோது, தாக்குதலில் கொடூரம் இருந்தால் ஜாமீன் குறித்த சட்டநிலை என்ன என்று கேட்டு, கிடைத்த பதிலை உத்தரவிலேயே பதிவுசெய்தார். வழக்கின் தகுதி பற்றிய கருத்தாக அதைக் கொள்ளக் கூடாது என்றும் தெளிவுபடுத்தினார். மறைக்காமல் எழுதியது நன்று. ஆனால் முடிவுக்கு உதவாத ஒன்றை உத்தரவில் சேர்ப்பானேன் என்பது என் ஐயம். இத்தகைய பதில்கள் தீர்ப்புக்கு அடிப்படையாக முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு வணிகக்குறி வழக்கில் கூறிவிட்டது.

கேள்வி: கீழமை நீதிமன்றங்களில் இதற்கு விதிகள் உண்டா?

பதில்: கேரளத்தில் உண்டு. அம்மாநில உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென வகுத்த கொள்கையின்படி, ஒப்புதல் பெற்ற கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் அதைப் பதிவுசெய்ய வேண்டும். முடிவுக்கோ நிவாரணத்துக்கோ தீர்ப்புக்கோ அவற்றை நாடவே கூடாது. இந்தத் தடையை நான் முழுமையாக ஏற்கிறேன். மேல்முறையீட்டில் ஆராயப்படுவது முடிவு மட்டுமல்ல, அந்த முடிவுக்கு நீதிபதி எந்தச் சாட்சியத்தை நம்பி, எதைத் தள்ளி, எந்தக் காரணங்களால் வந்தார் என்பதும்தான். காரணங்களை இயந்திரம் எழுதித் தந்திருந்தால், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்வது யாருடைய மனத்தை?

கேள்வி: எஸ்தோனியாவில் இயந்திர நீதிபதி இருக்கிறாராமே?

பதில்: இல்லை. 2019இல் பரவிய அச்செய்தியை அந்நாட்டு நீதி அமைச்சகமே மறுத்துவிட்டது.

கேள்வி: உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு என்னிடம் உள்ளது. அதையே ஆதாரமாகத் தாக்கல் செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2019இல் அறிமுகமான ‘சுவாஸ்’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருள் இப்பணிக்குத் துணைபுரிகிறது; ஆனால் அரசமைப்பின் 348ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாக இருப்பதால், ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது. வழக்காடுபவர் தீர்ப்பைப் புரிந்துகொள்வதற்கே தமிழ் வடிவம்.

கேள்வி: எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டும் முன்தீர்ப்பு கற்பனையோ என்று சந்தேகம். என்ன செய்வது?

பதில்: சந்தேகம் நியாயமானதே. நியூயார்க்கில் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால், அதன் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். கிடைக்காவிட்டால், முழுத் தீர்ப்பின் நகலையும் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தைக் கோருங்கள்.