ஐந்து மணி நேரத்தின் கணக்கு

கேள்வி: கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மாதம் 12,000 ரூபாய் ஸ்டைபெண்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஏழாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை இரவு, தோழிக்குக் காட்டுவதற்காக என் புராஜெக்டை எல்லோரும் பார்க்கும்படி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினேன். அதில் ஒரு கோப்பில் நிறுவனம் வாடகைக்கு சர்வர்கள் எடுக்கும் கிளவுட் கணக்குக்கான, கடவுச்சொல் போன்ற ஆக்சஸ் கீ இருந்ததைக் கவனிக்கவில்லை. காலை ஏழரைக்குப் பார்த்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருந்தது. பயந்துபோய் அந்தக் கோப்பை அழித்துவிட்டு அலுவலகம் போனேன், யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது முதலில் "எனக்குத் தெரியாது" என்றேன், பிறகு ஒப்புக்கொண்டேன். யாரோ அந்தக் கீயைக் கொண்டு பல சர்வர்களை ஓட்டியதில் 1,80,000 ரூபாய் பில் வந்திருந்தது. அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். பணம் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். தன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். திருப்பூர் பக்கம் வேன் ஓட்டும் அப்பாவுக்குத் தெரியாது. தெரு முழுக்க என் வேலையைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் வீட்டில் இருப்பார். இதை ரெஸ்யூமேயில் போடுவதா, மறைப்பதா? இந்தத் துறையில் எனக்கு இனி இடம் உண்டா?

— இறுதியாண்டு மாணவி, கோவை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நேரங்களைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதைப் பார்த்தபோதே, எந்த இடத்தில் உங்களுக்கு உறுத்துகிறது என்பது உங்களுக்கே தெரியும் என்று தோன்றியது. ஏழரை மணி, பன்னிரண்டரை மணி என்று எழுதியவர், கீயை ஏற்றிய நேரத்தை "இரவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் மேலாளரும் அநேகமாக அந்த ஐந்து மணி நேரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார். வியாழன் இரவு நடந்தது ஒரு கவனப் பிழை. வெள்ளி காலை நடந்தது வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமப்பதால்தான் உங்களுக்கு எதிலிருந்து மீள்வது என்றே புரியாமல் இருக்கிறது.

முதலில் வியாழன் இரவு. உலகத்தில் இதைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை என்பது ஆறுதலுக்காகச் சொல்லப்படும் சொல் அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்ஹப்பில் யாரும் பார்க்கக்கூடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுக் களஞ்சியங்களில் (நிரல் தொகுப்புகளில்) இப்படிப்பட்ட கீகள் சிதறிக் கிடந்ததையும், ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் புதியவை வந்து சேர்வதையும் கண்டார்கள். அவற்றைப் பொறுக்குவதற்கென்றே ராப்பகலாக ஓடும் நிரல்கள் உண்டு. ஏற்றிய சில நிமிடங்களுக்குள்ளேயே கீ பிறர் கைக்குப் போய்விடும். கிட்ஹப் 2024 முதல் பொதுக் களஞ்சியங்களில் பல வகைக் கீகளை ஏற்றும்போதே தடுத்து நிறுத்துகிறது என்றாலும், எல்லா வகையையும் அதனால் அடையாளம் காண முடியாது. உங்களுடையது அப்படித் தப்பிய ஒன்றாக இருக்கலாம்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஏழு வாரம்கூட நிறைவடையாத ஒரு மாணவியின் கையில், இஷ்டம்போல் சர்வர்களைத் திறக்கும் அளவுக்கு அதிகாரமுள்ள கீயைக் கொடுத்ததும், பில் ஒரு வரம்பைத் தாண்டினால் கூவி எழுப்பும் அலாரம் வைக்காததும் அவர்கள் வீட்டுக் குறைதான். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் கீழே சொல்லப்போகும் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறவர் எதிராளியின் குறையைச் சுட்டிக்காட்டினால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வாதாடுவதாகவே படிக்கப்படும்.

நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன இன்னொன்றும் உண்டு. "என் புராஜெக்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டைபெண்ட் வாங்கிக்கொண்டு அவர்களுக்காக எழுதிய நிரல் பெரும்பாலும் ஒப்பந்தப்படி அவர்களுடையதாகவே இருக்கும். கீயே இல்லாமல் இருந்திருந்தாலும், அதைத் தோழிக்குக் காட்டுவதற்காகப் பொதுவில் வைத்தது தவறுதான். கல்லூரி அசைன்மென்ட்டைப் பகிர்ந்து பழகிய கைக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. நேர்காணலில் அனுபவசாலி ஒருவர் இதைத்தான் முதலில் கேட்பார் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இனி வெள்ளி காலை. கோப்பை அழித்தால் பிழை அழிந்துவிடும் என்று நம்பினீர்கள். கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்பதே எதையும் மறக்காமல் இருப்பதற்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு. ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும் ஒரு கமிட். இன்றைய கமிட்டில் நீக்கியது நேற்றைய கமிட்டில் அப்படியே இருக்கும். களஞ்சியத்தையே மொத்தமாக நீக்கியிருந்தாலும், ஏற்கெனவே படியெடுத்துக்கொண்டவனிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது. வெளியே போன கீக்கு ஒரே மருந்து அதைச் செல்லாததாக்குவதுதான். அந்தக் கணக்கின் நிர்வாகிக்கு அது ஓரிரு நிமிட வேலை. நீங்கள் ஏழரைக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்திருந்தால், இரவில் ஏறிய தொகை ஏறியதுதான் என்றாலும், அதற்குப் பிறகு ஓடிய மீட்டர் அங்கேயே நின்றிருக்கும். அதைவிட முக்கியம், "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவசியமே வந்திருக்காது.

இந்த இரண்டு வகைக் காலைப் பொழுதுகளும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, உங்கள் துறையிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்றதொரு தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரவு வெகுநேரம் வேலை பார்த்த களைப்பில், துணை சர்வர் என்று நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் தரவுத்தளக் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. காப்புப் பிரதிகளைத் தேடினால் ஒன்று மாற்றி ஒன்று வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி மட்டுமே கைகொடுத்தது. அவர்கள் நடந்ததை நடக்க நடக்கவே பொதுவில் எழுதினார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பின்னர் வந்த விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர்கூட இல்லை. "குழு உறுப்பினர் 1" என்றுதான் இருக்கிறது.

மற்றது ஊபர். 2016-இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்த நிரலில், உங்களைப் போலவே, ஒரு கிளவுட் கீ இருந்தது. அது பொதுக் களஞ்சியம்கூட அல்ல, தனிக் களஞ்சியம். ஆனாலும் ஊடுருவியவர்கள் அதை எடுத்து 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டார்கள். நிறுவனம் அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயை மூடிவிட்டு, ஓராண்டு காலம் மறைத்து, 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. 2022-இல் அதன் முன்னாள் பாதுகாப்புத் தலைவரை அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. கீயை நிரலில் விட்டுவைத்ததற்காக அல்ல, ஊடுருவலை அரசு விசாரணையிலிருந்து மறைத்ததற்காக.

நானும் ஏழரை மணியில் உட்கார்ந்திருந்தவன்தான். பயிற்சியாளனாகச் சேர்ந்த இடத்தில் ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்தப் போய், யாருடையது என்று குறிப்பிடும் நிபந்தனை வரியை விட்டுவிட்டு, அட்டவணையில் இருந்த அத்தனை பேரையும் ஒரே முகவரியில் குடியேற்றினேன். இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் என் மேலதிகாரி அதன் பிறகு ஓராண்டு காலம் நான் செய்த எல்லாவற்றையும் இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்தார். அனுப்பிவிட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இனிச் செய்ய வேண்டியவை. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கீயை ஏற்றிய நேரம், எச்சரிக்கையைப் பார்த்த நேரம், அழித்த நேரம், அவர் கேட்ட நேரம் என்று வரிசையாக எழுதி, "எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது பொய், பயத்தில் சொன்னேன்" என்பதை அதே சொற்களில் எழுதுங்கள். பிறகு, நிறுவனத்தின் நிரல் எதுவும் இப்போது உங்கள் கணினியிலோ கிட்ஹப் கணக்கிலோ இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதையும் தெரிவியுங்கள். மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்காதீர்கள். குடும்பச் சூழ்நிலையை எழுதாதீர்கள். பணி செய்த தேதிகளைக் குறிப்பிடும் ஒரு கடிதம் கல்லூரிக்குத் தேவைப்பட்டால் எச்.ஆரிடம் தனியாகக் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் எந்த வேண்டுகோளும் இருக்க வேண்டாம். பதில் வராமல் போகலாம். வராவிட்டாலும் இது எழுதப்பட வேண்டிய கடிதம்.

பணத்தைப் பற்றி அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். யாரும் கேட்காத கடனுக்கு நகையை அடகு வைப்பது பொறுப்புணர்வு ஆகாது. அது பயத்தின் இன்னொரு வடிவம். சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து, இழப்பீடு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். எழுத்துமூலம் கேட்டு வந்தால், பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கீ திருடப்பட்டு ஏறிய பில்லை, உடனே முறையிட்டால் கிளவுட் நிறுவனங்கள் குறைப்பதோ தள்ளுபடி செய்வதோ உண்டு என்பதால், அந்தத் தொகை இப்போது அப்படியே நிற்கிறதா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

கல்லூரியில் துறைத்தலைவரையும் பிளேஸ்மென்ட் அலுவலரையும் இந்த வாரமே நேரில் பாருங்கள். அந்த நிறுவனம் நாளைக்கே வேறு மாணவர்களுக்காகக் கல்லூரியோடு பேசக்கூடும். செய்தி உங்களிடமிருந்து முதலில் வர வேண்டும். செய்த வாரங்களுக்குக் கிரெடிட் கிடைக்குமா, இறுதிப் பருவ புராஜெக்டைக் கல்லூரிக்குள்ளேயே செய்ய முடியுமா என்பதை அப்போதே கேட்டுவிடலாம்.

ரெஸ்யூமே விஷயத்தில் என் கருத்து எல்லோருக்கும் உடன்பாடாக இருக்காது. ஏழு வாரத்துக்கும் குறைவான ஒரு பணியை ரெஸ்யூமேயில் போடாமல் விடுவது பொய் ஆகாது. அது உங்கள் வாழ்க்கை வரலாறு அல்ல, விண்ணப்பத் தாள். அங்கே சொல்லத்தக்க வேலை எதையாவது முடித்திருந்தால் சரியான தேதிகளோடு போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் ஏழு வாரத்தை ஆறு மாதமாக்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் "எங்கிருந்தாவது நீக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்வி இருந்தால் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களை எடுக்கும்போது பின்னணி சரிபார்ப்பை வெளி முகவர்களிடம் ஒப்படைக்கின்றன. கவனப் பிழையைப் பெரிதுபடுத்தாதவர்கள்கூடத் தேதி திருத்தியதைப் பார்த்தால் கொடுத்த ஆர்டரைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள்.

நேர்காணலில் கேட்டால் இவ்வளவு போதும்: "நிறுவனத்தின் நிரலை அனுமதி இல்லாமல் பொதுவில் ஏற்றினேன், அதில் ஆக்சஸ் கீ இருந்தது. தெரிந்த பிறகு ஐந்து மணி நேரம் சொல்லாமல் இருந்தேன்; கேட்டபோது முதலில் மறுத்தேன். அதனால் அனுப்பப்பட்டேன். இப்போது கீகளை நிரலுக்கு வெளியே வைக்கிறேன். ஒவ்வொரு கமிட்டுக்கு முன்பும் தானாகச் சோதிக்கும் ஹுக் என்ற சிறு நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன்." இதைக் கண்ணாடி முன் நின்று அழாமல் சொல்ல வரும்வரை பழகுங்கள். நான் பல ஆண்டுகள் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பிழையே செய்யாதவர்களாக வந்து உட்கார்ந்த பிள்ளைகளை எனக்கு நினைவில்லை. இப்படிச் சொன்ன இரண்டு பேரை நினைவிருக்கிறது. ஒருவரை எடுத்தோம், மற்றவரை எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் வேறு.

நேர்காணல் பதிலில் கீகளையும் ஹுக்கையும் பற்றிச் சொல்லும் கடைசி வாக்கியங்கள் உண்மையாக இருக்க, அவற்றை இப்போதே செய்ய வேண்டும். கீகளைத் தனி என்வ் (.env) கோப்பில் வைத்து, கிட் ஏற்றக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் அதைச் சேர்த்து, பில் அலாரத்தோடு ஒரு சிறு புராஜெக்டைச் சொந்தமாக எழுதி முடியுங்கள். மீதி மாதங்களில் யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஏதாவது ஒரு திறமூல மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்பிப் பாருங்கள். அங்கே உங்கள் வேலையை முன்பின் தெரியாதவர்கள் வரி வரியாகப் பார்த்துக் குறை சொல்வார்கள், பிழையை உடனே ஒப்புக்கொள்ளும் பழக்கம் தானாக வரும். படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்யலாம். தென்மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு; ஆனால் முன்பு கிடைத்ததைவிடச் சிறிய இடத்தில் தொடங்க நேரலாம்.

அப்பாவிடம் வரும் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். அம்மா சொன்னால் உங்களுக்காகச் சில சொற்களை மென்று விழுங்கிவிடுவார். வண்டி ஓட்டுகிறவருக்கு, இடித்துவிட்டு நிற்பதற்கும் இடித்துவிட்டு நிற்காமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கிட்ஹப்பை விட்டுவிட்டு ஏழரை மணியிலிருந்து சொல்லத் தொடங்குங்கள். கோபப்படுவார், பேசாமலும் இருப்பார். மேலாளருக்கு எழுதிய கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தெருவில் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.