எட்டு மணி நேரமா, நான்கு மணி நேரமா? மீன்பிடிப் படகை வாடகைக்குப் பேசும் முன்

கேள்வி: குடும்பமாக ஐந்து பேர் போகிறோம். 9 வயது மகனும் 68 வயது அப்பாவும் இதில் அடக்கம். யாரும் இதற்கு முன் கடலில் தூண்டில் போட்டதில்லை. ஒரு படகுக்காரர் கரையோரமாக 4 மணி நேரம் என்கிறார். இன்னொருவர் ஆழ்கடலுக்கு 8 மணி நேரம் என்கிறார். மணிக்கணக்கில் பார்த்தால் ஆழ்கடல்தான் மலிவாக வருகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: கரையோரப் பயணத்தையே எடுங்கள். வாடகையைப் பயண நேரத்தால் வகுத்ததில்தான் கணக்கு தவறுகிறது. தூண்டில் தண்ணீரில் கிடக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும்.

ஆழ்கடல் படகு 25 கடல் மைல் தாண்டி மீன் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 46 கிலோமீட்டர். 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகுக்குப் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மீதம் ஐந்தரை மணி நேரம். அதே தூரத்துக்கு 10 நாட்டில் நகரும் பழைய டீசல் படகு என்றால் போய்வரவே ஐந்து மணி நேரம் கரைந்துவிடும். தூண்டிலுக்கு மிஞ்சுவது மூன்று மணி. கரையிலிருந்து 20 நிமிடத்தில் இடத்தைச் சேரும் 4 மணி நேரப் பயணத்தில் மூன்று மணிக்கும் மேல் கிடைக்கிறது. அதனால் முதல் கேள்வி இதுதான்: “எவ்வளவு தூரம், என்ன வேகம், முதல் தூண்டில் எத்தனை மணிக்குத் தண்ணீரில் விழும்?”

அடுத்து, எந்த முறையில் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆழ்கடலில் பெரும்பாலும் ட்ரோலிங்: படகு 6 முதல் 8 நாட் வேகத்தில் ஓட, நான்கைந்து தூண்டில்கள் பின்னால் இழுபட்டு வரும். சூரை, வஞ்சிரம், தளப்பத்து போன்ற வேக மீன்களுக்கு அது பொருத்தமான முறைதான். ஆனால் மீன் கவ்வும்வரை யாருக்கும் வேலையில்லை. கவ்வினாலும் ரீலைச் சுற்றுவது ஒருவர், மற்ற நால்வர் பார்வையாளர்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்காவிட்டால் சிறுவன் சோர்ந்துவிடுவான். கரையோரப் பார்களின் (கடலடிப் பாறைத்திட்டுகளின்) மேல் நங்கூரமிட்டோ மெல்ல மிதந்தோ அடிமட்டத் தூண்டில் போட்டால் ஆளுக்கொரு கழி கையில் இருக்கும். சங்கரா, பாறை, சிறு களவா என்று சிறிய மீன்களாக இருந்தாலும் அடிக்கடி கடிக்கும். கற்றுக்கொள்பவருக்குக் கடி எண்ணிக்கைதான் முக்கியம்.

படகின் நீளத்தைவிட தளத்தின் காலியிடத்தைப் பாருங்கள். “ஆறு பேர் போகலாம்” என்றால் ஆறு பேர் உட்காரலாம் என்றுதான் பொருள், ஆறு பேர் தூண்டில் போடலாம் என்றல்ல. 24 அடிப் படகின் பின்தளத்தில் நால்வர் நிற்பதே நெருக்கம். தூண்டில் நரம்புகள் பின்னிக்கொண்டால் பிரிப்பதற்கே பொழுது போய்விடும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எங்கே நின்று போடுவோம் என்று படகில் ஏறிப் பார்த்தே கேட்கலாம். தலைக்கு இவ்வளவு என்று முன்பின் அறியாதவர்களோடு சேர்த்து ஏற்றும் பெரிய படகு தனியாகப் போகிறவருக்குச் சரி. சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது, நினைத்த நேரத்தில் கரைக்குத் திரும்ப முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. உயிர்காப்பு உடை ஐந்து பேருக்கும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, பையனின் எடைக்கு ஏற்றது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களுடையதைச் சிறுவனுக்கு மாட்டினால் தண்ணீரில் உடை மேலே எழும்பும், உடல் கீழே நழுவும். மாட்டிவிட்டுத் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள்; தாடையைத் தாண்டி ஏறினால் அது அவனுக்குரியதல்ல. கால்களுக்கிடையே கட்டும் பட்டை இருப்பது நல்லது. கரையோடும் மற்ற படகுகளோடும் பேசுவதற்கான விஎச்எஃப் வானொலி படகில் இருக்க வேண்டும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையை விட்டு விலக விலகக் கைப்பேசியை நம்ப முடியாது. ஆழ்கடலுக்கு என்றால் செயற்கைக்கோள் வழியே இடத்தைச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைபரப்பியும், ஒன்று நின்றால் மற்றொன்றில் திரும்பிவர இரண்டு எஞ்சின்களும் வேண்டும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்பதே எரிபொருளுக்கான பழைய விதி. ஓட்டுநர் உரிமத்தையும் பயணிகளுக்கான காப்பீட்டையும் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்; ஒழுங்காகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“எந்த நிலையில் நீங்கள் புறப்பட மாட்டீர்கள்?” என்றும் கேளுங்கள். காற்று இவ்வளவு, அலை இவ்வளவு என்று எண்ணில் சொல்பவரை நம்பலாம். “நாங்கள் எப்போதும் போவோம்” என்பவரை விட்டுவிடுங்கள்.

வானிலை அறிக்கையில் அலை உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதே படகின் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆழமான நீரில் 4 விநாடி அலையின் நீளம் சுமார் 25 மீட்டர். 10 விநாடி அலைக்குச் சுமார் 156 மீட்டர். அதனால் 4 விநாடிக்கு ஒருமுறை வரும் 1 மீட்டர் அலை சிறு படகை உலுக்கி எடுக்கும். 10 விநாடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை ஏற்றி இறக்கிவிட்டுப் போகும். ஆனால் முகத்துவாரம் வழியாக வெளியேறும் படகுக்கு இது தலைகீழ்: அந்த நீண்ட அலைதான் ஆழம் குறைந்த மணல்திட்டில் எழும்பி உடையும். அறிக்கையில் சொல்லும் உயரம் மிகப்பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதைப்போல் இரு மடங்கு அலையும் இடையில் வரலாம். பல கரைகளில் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதால் விடியலில் புறப்படும் நேரத்தையே கேளுங்கள்.

குமட்டல் வந்தால் எவ்வளவு நல்ல படகும் பயனில்லை. மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் பலனில்லை. கண் அழுத்தநோயோ புரோஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்கு இவற்றில் பல ஒத்துக்கொள்ளாது, எனவே அப்பாவுக்கும் மகனுக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்காராமல் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், எஞ்சின் புகை வராத பக்கம் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: வானிலையால் படகுக்காரரே ரத்து செய்தால் முழுப் பணமா, மாற்றுத் தேதியா, நடுவழியில் எஞ்சின் பழுதானால் என்ன, தூண்டில், இரை, ஐஸ் வாடகையில் அடங்குமா, மீன்பிடி அனுமதி படகுக்கே உண்டா, ஆளுக்கு ஆள் எடுக்க வேண்டுமா, பிடித்த மீன் யாருக்கு. கடைசிக் கேள்வியில்தான் கரையில் சண்டை வருகிறது. சில படகுகளில் மீன் படகுக்காரருக்கே சொந்தம், சிலவற்றில் பாதிப் பங்கு.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். சூரையும் கானாங்கெளுத்தியும் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐஸோடு கொஞ்சம் கடல்நீர் ஊற்றிக் குழம்பாக்கி மீனை அதில் முழுக்கினால் வெறும் ஐஸ்கட்டியைவிட வேகமாகக் குளிரும். பெட்டியைப் புறப்படும் முன்பே திறந்து பாருங்கள்.