முட்டு என்று நினைத்தது இதயக் கட்டியாக இருந்தால்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு வயது 54. எழும்பி இருந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சுகம். முட்டு (ஆஸ்துமா) என்று ஆறு மாதம் பம்ப் பாவித்தார். இப்போது எக்கோ (இதய ஸ்கேன்) செய்துவிட்டு மிக்சோமா என்ற இதயக் கட்டி என்கிறார்கள். இவ்வளவு நாளும் எப்படித் தெரியாமல் போனது? (வெள்ளவத்தை வாசகி)

ஆள்மாறாட்டத்தில் இந்தக் கட்டி பெரிய கெட்டிக்காரன். பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையில், நடுச்சுவரில் ஒரு காம்பு விட்டுத் தொங்கும். ஜெல்லி மாதிரி வழுவழுப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடி வந்து, அந்த மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் வாயை அடைக்கும். நிமிர்ந்தால் கட்டி கீழே இறங்கி அடைக்கிறது, படுத்தால் விலகுகிறது. வழக்கமாக இதயம் பலவீனமானவர்களுக்குப் படுத்தால்தான் மூச்சு முட்டும். அம்மாவின் கதை நேர்மாறு. துப்பு அங்கேதான் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பும் ஏமாற்றும்: வாதக் காய்ச்சலில் சுருங்கிய வால்வின் சத்தம் போலவே கேட்கும். சிலரில் மட்டும் கட்டி வந்து விழும் 'பொத்' ஒலி கேட்கும்.

விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு நோ, மெலிவு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவும் அதிகம். எனக்கும் இதுவாக இருக்குமா? (கொட்டாஞ்சேனை)

இருக்கலாம், ஆனால் முதலில் காசநோய், வால்வில் கிருமித்தொற்று, மூட்டுவாதம் எல்லாம் பார்த்தாக வேண்டும், மிக்சோமா அரிது. அது இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரப்பதால்தான் இந்தக் காய்ச்சல் வேஷம். எக்கோவுக்கு எழுதித் தந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஊசி கிடையாது, நோவும் கிடையாது.

புற்றுநோய் இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு அவசரம்?

கட்டி சாது, இருக்கிற இடம்தான் பொல்லாதது. ஒரு துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். வால்வை முழுதாய் அடைத்தால் அந்த நிமிடமே உயிர் போகலாம். மருந்தால் கரையாது. 1954இல் ஸ்டொக்ஹோமில் சத்திரசிகிச்சை நிபுணர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார். இன்றும் வழி சத்திரசிகிச்சைதான்: காம்பு ஒட்டிய சுவர்த்துண்டையும் சேர்த்து வெட்டுவார்கள். திரும்ப முளைப்பது குறைவு. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். அப்புறம் எக்கோ கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் கட்டிகள் என்றார்கள். பயமாக இருக்கிறது. (தெஹிவளை)

பிள்ளைகளில் இது பெரும்பாலும் ராப்டோமயோமா என்ற இதயத் தசைக் கட்டி, வேறு சாதி. இரத்த ஓட்டத்தை மறிக்காவிட்டால் வெட்டத் தேவையில்லை. பிறந்தபின் பல தானாகவே சுருங்கும். ஆனால் ஒன்றுக்கு மேல் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயைத் தேட வேண்டும். பிள்ளை பிறந்ததும் தோலில் வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வலிப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.