ராத்திரி ரோட்டில் நடப்பவர் டிரைவர் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

ஹெட்லைட் நம் மேல் விழுந்ததுமே டிரைவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறோம். அங்கேதான் கோளாறு. நமக்குக் கண் கூசும்; அவருக்கு நாம் தார் ரோட்டோடு கலந்த ஒரு நிழல். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவும் போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் பாருங்கள்: காவித் துணி இருட்டில் வெறும் பழுப்பு; பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர் மட்டும் தூரத்திலேயே தெரிவார்.

டிரைவருக்கும் ஒரு நினைப்பு உண்டு, ஹாரன் அடித்தால் ஒதுங்கிவிடுவார் என்று. சரி, அறுவடை நேரத்தில் ரோட்டோரம் கல் அடுக்கி நெல்லைக் குவித்திருக்கும்போது எங்கே ஒதுங்குவது? நெல்லை மிதிக்க நம் ஊரில் யாருக்கு மனசு வரும்!

நான் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடிதான் நடப்பேன்.