அலாஸ்கா போன்ற வடகோடிப் பகுதிகளில் மீன், வனவிலங்குக் கள ஆய்வு வேலை உண்மையில் எப்படி இருக்கும்? கரடி பயம் இல்லையா?

கரடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கரடி உண்டு. ஒரு கோடை முழுக்கச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்திருப்பேன். பெரும்பாலும் எதிர்க்கரையில், நம்மைக் கண்டுகொள்ளாமல், மீன் தின்னும் மும்முரத்தில் இருக்கும். முகாமைச் சுற்றி மின்வேலி போட்டிருந்தோம். இடுப்பில் எப்போதும் கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரே. சமையல் கூடாரம் படுக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். பற்பசையைக்கூடப் படுக்கைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கடைசி வரை எனக்குப் பயம் விடாதது என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்திடம்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தமிழ்நாட்டில் மீன்வளம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு கோடையில் மேற்கு அலாஸ்காவில் சால்மன் எண்ணும் முகாமில் உதவியாளர் வேலை கிடைத்தது. கஸ்கோக்விம் என்ற பெரிய ஆற்றின் கிளையாறு ஒன்று. அந்த வட்டாரத்துக்குத் தலைநகர் மாதிரி இருப்பது பெத்தெல் என்ற சிற்றூர். சுமார் 6,000 பேர். வெளியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. விமானம், இல்லையென்றால் படகு. குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலையாகிவிடும். எங்கள் முகாம் அங்கிருந்தும் மேலே, வெகு தூரம்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பசிபிக் சால்மன்கள் ஒரே முறை முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும். (நம்மூர்ச் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.) கீழே ஆற்று முகத்தில் மக்கள் வலை போடுகிறார்கள். அந்த வலைகளுக்கெல்லாம் தப்பி எத்தனை மீன் மேலே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தலைமுறை மீன் இருக்குமா என்று சொல்ல முடியும். கஸ்கோக்விம் முழுமைக்கும் சினூக் என்ற பெரிய சால்மன் 65,000 முதல் 1,20,000 வரை தப்பி வர வேண்டும் என்று 2013-ல் இலக்கு வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சினூக் வரத்து மோசமாகக் குறைந்திருந்தது.

எண்ணுவது எப்படி? ஆற்றுக்குக் குறுக்கே வேலி. அணை இல்லை, தண்ணீர் போகும், மீன் போகாது. பிளாஸ்டிக் குழாய்களை நெருக்கமாகக் கோர்த்த தட்டிகளை ஆற்றின் அடியில் ஒரு கம்பித் தடத்தோடு பிணைத்திருப்பார்கள். மறுமுனை நீரோட்டத்தில் மிதக்கும். படகு வந்தால் தட்டி அமுங்கி வழிவிட்டு மறுபடி எழும். நடுவில் ஒரு சின்ன வாசல். அதைத் திறந்துவைத்து மேலே நின்றுகொண்டு, கீழே போகும் ஒவ்வொரு மீனும் என்ன இனம் என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்த அணுக்களை எண்ண வரிசையாகப் பொத்தான் வைத்த கருவி இருக்குமே, அதே ஜாதி.

கேட்க எளிதாக இருக்கும். முதல் நாள் எனக்கு எல்லா மீனும் ஒரே நிழலாகத்தான் தெரிந்தது. சம் சால்மனுக்கு உடம்பில் ஊதாப் பட்டைகள், சாக்கை என்ற இன்னொரு வகைச் சால்மனுக்குச் சிவந்த உடம்பும் பச்சைத் தலையும் என்று படத்தில் பார்த்ததெல்லாம், அலையும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்தால் காணாமல் போய்விடும். கண் கூசாத போலராய்டு கண்ணாடி இல்லாமல் அந்த வேலை நடக்காது. பத்து நிமிடத்தில் நூறு மீன் போகும், அப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே வராது. வராத மணிக்கும் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், மீன் வரவில்லையா, ஆள் தூங்கிவிட்டாரா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

எனக்கு நடந்ததே அதுதான். ஜூனில் அங்கே சூரியன் நள்ளிரவைத் தாண்டித்தான் மறையும். மறைந்த பிறகும் முழு இருட்டு வராது. உடம்புக்கு எது ராத்திரி என்றே தெரியாமல் போய், இரண்டாவது வாரம் வாசல் திறந்திருக்கும்போதே நின்ற நிலையில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மீன்கள் போய்க்கொண்டிருந்தன. எத்தனை விட்டேன் என்று தெரியாது. சுமாராக ஒரு எண்ணைச் சேர்த்து எழுதிவிட்டேன். காலையில் மனசு கேட்காமல் முகாம் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் ரப்பரை எடுத்ததும் கையைப் பிடித்து, "அழிக்காதே. ஒரே கோடு போட்டு அடி. பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் நடந்ததை எழுதி, உன் பெயர் போடு" என்றார். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும், 'தூங்கிவிட்டேன்' என்ற என் கையெழுத்தோடு.

ஜூலைக் கடைசியில் மழை கொட்டி ஆறு ஏறியது. வேலி முழுக்கத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மூன்று நாள் எண்ணவே முடியவில்லை. அந்த நாட்களை முன்பின் நாட்களின் போக்கையும் பழைய ஆண்டுகளின் போக்கையும் வைத்துப் பின்னால் அலுவலகத்தில் கணித்து, 'மதிப்பீடு' என்று குறிப்பிட்டுச் சேர்ப்பார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாம் நிரப்பக் கூடாது. வேறு வேலையும் இல்லாததால் மூன்று நாளும் சீட்டு விளையாடினோம். கோஹோ சால்மனில் நான் மீன்குழம்பும் வைத்தேன். எண்ணெய் மிதக்கும் அந்தச் சதை புளிக்கு ஒத்துவரவில்லை என்பது என் தீர்ப்பு. மற்றவர்கள் பாராட்டினார்கள், மரியாதைக்காக இருக்கலாம்.

எண்ணுவது தவிர, தினமும் சில மீன்களைக் கூண்டில் பிடித்து அளப்பதும் உண்டு. நீளத்தை மூக்கிலிருந்து அளக்க மாட்டோம். முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனுக்கு மூக்கு நீண்டு வளைந்துவிடும், அளவு பொய்யாகும். அதனால் கண்ணின் நடுவிலிருந்து வால் பிளவு வரை. பிறகு முதுகுத் துடுப்புக்குக் கீழே குறிப்பிட்ட இடத்தில் செதில் பிடுங்கி, பசை தடவிய அட்டையில் ஒட்ட வேண்டும். செதிலில் மரத்தைப் போல வளையங்கள் இருக்கும். குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால் அவை நெருங்கிவிடும். எண்ணினால் ஆற்றில் எத்தனை குளிர்காலம், கடலில் எத்தனை என்று தெரிந்துவிடும். நம் கை மட்டும் பனிக்கட்டியாகிப் பென்சில் பிடிக்க வராது. ஆமாம், பென்சில்தான். பேனா மையை அந்த ஈரத்தில் நம்ப முடியாது.

இந்தச் சலிப்பான வேலையால் என்ன பயன் என்று எனக்கும் தோன்றியதுண்டு. அலாஸ்காவில் சுமார் 60 ஆண்டுகளாக இப்படி அளந்த 1 கோடியே 25 லட்சம் சால்மன்களின் கணக்கைச் சேர்த்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. மீன்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. முக்கியக் காரணம், முன்பைவிட இளவயதிலேயே கடலிலிருந்து திரும்பிவிடுகின்றன என்று அதில் தெரிந்தது. அளந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலக் கை விறைத்துப்போய் நின்ற உதவியாளர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கொசு பற்றிச் சொல்லாவிட்டால் அங்கே போனவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தலைக்கு வலை போடாமல் சோறு தின்ன முடியாது. ஆனால் கரிபூ மான் எண்ணும் ஒரு நண்பன் அந்தக் கொசுவைக் கும்பிடுவான். கோடையில் பூச்சித் தொல்லை தாங்காமல் மான்கள் காற்றடிக்கும் மேடுகளில் நெருக்கமாகக் கூடிவிடும். அந்த நேரம் பார்த்து விமானத்திலிருந்து படம் எடுத்து, படத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எங்களுக்குத் தெற்கே இருந்த முல்சாட்னா மந்தை 1990-களில் 2 லட்சத்தை எட்டியது. 2019-ல் 13,500 அளவுக்கு வந்துவிட்டது.

எப்படிச் சேர்வது என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டு மாணவர் என்றால் விசா விதிகள்தான் முதல் தடை, பல்கலைக்கழக ஆய்வுக் குழு வழியாகப் போவதே சுலபம். நீச்சலும் படகு மோட்டார் பழுதுபார்ப்பதும் தெரிந்திருந்தால் மதிப்பெண் பட்டியலைவிட உதவும்.

எங்கள் குழுவில் அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான யுப்பிக் இனத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்கள் மொழியில் மீனுக்கு 'நெக்கா' என்று பெயர். உணவுக்கும் அதே சொல்தான். சினூக் குறைந்த பிறகு அவர்கள் வலை போடச் சில நாட்களில் சில மணி நேரம்தான் அனுமதி. அந்த முடிவுக்குச் சோதனை வலை, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி மீனைக் கண்டறியும் சோனார் ஆகியவற்றின் கணக்குகளோடு எங்களைப் போன்ற வேலிகளின் எண்ணும் போய்ச் சேரும். வெள்ளம் வடிந்த மறுநாள் எரிபொருள் வாங்க அவரோடு கீழே ஒரு கிராமத்துக்குப் போனேன். கடையில் நின்ற பாட்டி என் உடையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "நேற்று எத்தனை போச்சு?" என்றார்.

"நேற்று எண்ணவில்லை பாட்டி. தண்ணீர்."

அவர் தலையாட்டிவிட்டு, "அதுக்கு முந்தின நாள்?" என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். கடைசியாக எண்ணிய நாளின் கணக்கைச் சொன்னதும், விரலை மடக்கி ஏதோ கூட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.