முஸ்லிம்–கிறிஸ்தவர் வன்முறை என்று படத்தோடு ஒரு செய்தி வருகிறது, மறுநாளே "அது பொய்" என்று மறுப்பும் வருகிறது. எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது நைஜீரியாவில் தேவாலயத்தை எரித்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள் என்ற செய்தியைப் பற்றி. அதற்கு "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று மறுப்பும் வந்திருக்கிறது என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமில்லை. முதலில் செய்தியைப் பிரியுங்கள். பார்க்க ஒரே செய்தியாக இருந்தாலும் உள்ளே ஐந்து கூற்றுகள் இருக்கின்றன: சம்பவம் நடந்தது, இந்த ஊரில் இந்தத் தேதியில் நடந்தது, செய்தவர்கள் இவர்கள், மதத்துக்காகச் செய்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள். இதில் ஒன்று பொய் என்பதால் மற்ற நான்கும் பொய்யாகிவிடாது. ஒன்று மெய் என்பதாலும் அப்படித்தான். நான் பார்த்தவரை, இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒரு கூற்றுக்கான சான்றை வைத்து இன்னொரு கூற்றை நிரூபிக்கப் பார்ப்பதால் வருபவை.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கருகிய உடல்கள் தரையில் வரிசையாகக் கிடக்க, சுற்றிலும் மக்கள் நிற்கிறார்கள். "நைஜீரியாவில் முஸ்லிம்கள் உயிரோடு எரித்த கிறிஸ்தவர்கள்" என்ற வாசகத்தோடு இது பல மொழிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. படம் நைஜீரியாவே இல்லை. 2010 ஜூலை 2 அன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே சாங்கே என்ற ஊரில் பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. கசிந்த பெட்ரோலை அள்ளப் போனவர்களும் அருகில் இருந்தவர்களுமாக 200 பேருக்கு மேல் தீயில் இறந்தார்கள். மதக் கலவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பலர் அங்கேயே நின்று "ஆகவே கொலைகளும் கட்டுக்கதை" என்று எழுதிவிட்டார்கள். அது முதல் பொய்க்கு இணையான பொய். அதே 2010-ல் நைஜீரியாவின் பிளாட்டோ மாநிலத்தில் ஜோஸ் நகரைச் சுற்றி இரண்டு படுகொலைகள் நடந்தன. ஜனவரி 19 அன்று குரு கராமாவில் கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள். மார்ச் 7 அன்று டோகோ நஹாவாவில் கொல்லப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். படம் பொய், கொலை மெய். இதை எழுத்திலேயே பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

சரி, படத்திலிருந்து தொடங்குவோம். படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேடுங்கள். ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். டின்ஐ-யில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம், இந்த வேலைக்கு அது பெரிய உதவி. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதிக்கு முன்பே படம் எங்காவது வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் மூன்று காரியம் செய்து பாருங்கள்: மேலே எழுதிச் சேர்த்த வாசகத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள், இடம் வலமாகத் திருப்பித் தேடுங்கள், ஏனென்றால் தேடலிலிருந்து தப்பிக்கவே திருப்பிப் போடுவார்கள், பின்னணியில் இருக்கும் கட்டடத்தை மட்டும் வெட்டித் தேடுங்கள். வீடியோ என்றால் இன்விட் என்ற இலவச உலாவி நீட்சி முக்கியமான காட்சிகளைத் தனித்தனிப் படமாகப் பிரித்துக் கொடுக்கும். அவற்றில் தெளிவான நான்கைந்தைத் தேடினால் போதும்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் தேதி, இடம் பற்றிய தகவலை வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் அழித்துவிடுகின்றன. அதனால் அந்தத் தகவல் இல்லை என்பது மோசடிக்கு அடையாளமல்ல. எடுத்தவரையே எட்ட முடிந்தால், படத்தைப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். தகவல் அழியாமல் வரும்.

அடுத்தது இடம். பெயரை மட்டும் நம்பினால் இங்கே கண்டிப்பாகத் தடுக்கி விழுவோம். பிளாட்டோ மாநிலத்தில் யெல்வா என்று ஓர் ஊர் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் அங்கே கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள், அதே ஆண்டு மே மாதத்தில் பழிக்குப் பழியாக முஸ்லிம்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள். பெனுவே மாநிலத்தில் யெல்வாட்டா என்று வேறோர் ஊர். அங்கே 2025 ஜூன் 13 இரவு நடந்த தாக்குதலில் குறைந்தது 100 பேர் இறந்ததாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு சொன்னது. இரண்டையும் கலந்து, ஒன்றின் படத்தையும் மற்றதன் எண்ணிக்கையையும் ஒட்டினால் பார்வைக்கு நம்பகமான பொய் தயார். ஆகவே ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் உள்ளாட்சிப் பகுதியையும் சேர்த்தே எழுதுங்கள், தேடும்போதும் அப்படியே தேடுங்கள்.

படத்தில் தெரியும் பருவத்தையும் பாருங்கள். நைஜீரியாவின் நடுப்பகுதியில் ஜூன், ஜூலையில் புல்லும் பயிரும் பச்சையாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பாலைவனத்திலிருந்து ஹர்மத்தான் காற்று வீசுவதால் எங்கும் புழுதி படிந்து காய்ந்திருக்கும். ஜூலைச் சம்பவம் என்று சொல்லும் வீடியோவில் தரை வெடித்துக் காய்ந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு பெயர்ப் பலகை, வண்டி எண்பலகை, காவலர் சீருடை, பேசும் மொழி. வட நைஜீரியாவில் பரவலாகப் பேசும் ஹவுசா மொழி தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் கேட்டாலே, இது அந்தப் பகுதிப் பேச்சா, வேறு நாட்டுப் பேச்சா என்று சொல்லிவிடுவார்.

எரிந்தது என்பது கூற்றானால், செயற்கைக்கோள்கள் கண்ட தீயை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தைப் பார்க்கலாம். ஆனால் இதை வைத்துத் தவறாக முடிவுகட்டியவர்கள் நிறைய. செயற்கைக்கோளில் இருக்கும் விர்ஸ் உணர்கருவியின் ஒரு புள்ளி ஏறக்குறைய 375 மீட்டர் சதுரம், மோடிஸ் என்ற இன்னோர் உணர்கருவியில் 1 கிலோமீட்டர். வரைபடத்தில் தெரியும் புள்ளி அந்தச் சதுரத்தின் மையம் மட்டுமே. அது தேவாலயக் கூரையின்மேல் விழுந்திருக்கிறது என்பதற்காகத் தேவாலயம்தான் எரிந்தது என்று ஆகாது, பக்கத்து வயலாகவும் இருக்கலாம். காய்ந்த மாதங்களில் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் புதர்களை எரிப்பதால் வரைபடம் முழுக்கப் புள்ளியாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும், இரண்டு செயற்கைக்கோள் வருகைகளுக்கு நடுவே எரிந்து அணைந்த தீ பதிவாகவே செய்யாது. எனவே புள்ளி இல்லை என்பதை "எரியவில்லை" என்று படிக்கக் கூடாது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் துல்லியம், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் மேகமில்லாத படம் ஒவ்வொன்று கிடைத்தால், தகரக் கூரையின் பளபளப்பு இருந்த இடம் கறுத்துப் போயிருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஒற்றைக் குடிசைக்கு இது பயன்படாது, ஒரு தெருவே எரிந்தால் தெரியும்.

எண்ணிக்கைக்கு வருவோம். இங்கேதான் சண்டை அதிகம். டோகோ நஹாவாவுக்கு மாநில அதிகாரி ஒருவர் 500 என்றார், காவல்துறை 109 என்றது. இப்படி இடைவெளி வருவதற்கு எப்போதும் யாரோ பொய் சொல்வதுதான் காரணம் என்றில்லை. ஓடிப்போய் வேறு ஊரில் தஞ்சம் புகுந்தவர்களை முதல் நாளில் இறந்தவர்களாக எண்ணிவிடுவார்கள். காயத்தால் ஒரு வாரம் கழித்து இறப்பவர்கள் காவல்துறைக் கணக்கில் சேரமாட்டார்கள். மூன்று கிராமத்து எண்ணிக்கையை ஒரே கிராமத்தின் பெயரில் சொல்வார்கள். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: முஸ்லிம்கள் உடலை முடிந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். கிறிஸ்தவர்கள் பல இடங்களில் உடல்களைப் பிணவறையில் வைத்திருந்து, சில நாள் கழித்துக் கூட்டாக அடக்கம் செய்வார்கள். பிணவறைக் கணக்கை மட்டும் எடுத்தால் ஒரு தரப்பு சாவு குறைவாகவே தெரியும். அதனால் பிணவறை, இடுகாடு, கபரஸ்தான் என்று எல்லாவற்றையும் கேட்ட அறிக்கையா என்று பாருங்கள்.

நல்ல அறிக்கையில் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தக் கிராமம் என்ற பட்டியல் இருக்கும். இல்லையென்றால் யார் எண்ணினார்கள், எத்தனை புதைகுழியைப் பார்த்தார்கள் என்றாவது இருக்கும். "நூற்றுக்கணக்கில்" என்று மட்டும் இருந்தால் எண்ணை விட்டுவிட்டு "பலர்" என்று எழுதுங்கள். ஆண்டு முழுவதற்குமான மொத்தக் கணக்கு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. உலகெங்கும் நடக்கும் மோதல்களைத் தொகுக்கும் ஆக்லெட் போன்ற தரவுத்தளம் சம்பவம் சம்பவமாகப் பதிவு செய்கிறது, மதத்தின் பெயரால் குறிவைத்ததாகத் தெரிந்த சம்பவங்களைத்தான் அப்படி வகைப்படுத்துகிறது. வேறு சில அமைப்புகள் இறந்தவர் கிறிஸ்தவரா முஸ்லிமா என்று பார்த்து எண்ணுகின்றன. ஒன்று "மதத்துக்காகக் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள்", மற்றது "கொல்லப்பட்டவர்களில் கிறிஸ்தவர்கள்". இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பார், ஒருவர் பொய் சொல்கிறார்" என்பது நியாயமில்லை.

யார் செய்தார்கள் என்பது கடைசியாகத்தான் தெளிவாகும். 2022 ஜூன் 5 அன்று ஓண்டோ மாநிலத்தின் ஓவோ நகரில், பெந்தெகொஸ்தே ஞாயிறு வழிபாட்டின்போது புனித பிரான்சிஸ் கத்தோலிக்கத் தேவாலயத்தில் புகுந்து சுட்டார்கள். சுமார் 40 பேர் இறந்தார்கள். ஃபுலானி என்ற, பெரும்பாலும் முஸ்லிம்களான இனத்தைச் சேர்ந்த மாடு மேய்ப்பர்கள்தான் செய்தார்கள் என்று அன்றே பரவியது. சில நாளில் அரசு, ஐஎஸ் அமைப்பின் மேற்கு ஆப்பிரிக்கப் பிரிவைக் குற்றம் சாட்டியது. இடைப்பட்ட அந்த நாட்களில் அப்பாவி மேய்ப்பர் குடும்பம் ஒன்றின்மேல் யாராவது பாய்ந்திருந்தால்? இதனால்தான் தாக்கியவரின் இனத்தையோ மதத்தையோ முதல் 72 மணி நேரத்தில் உறுதியாக எழுதக் கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன்.

மத நோக்கத்துக்கு நேரடிச் சான்று கேளுங்கள். 2015 ஏப்ரல் 2 அன்று கென்யாவின் காரிஸா பல்கலைக்கழகத்தில் அல்-ஷபாப் என்ற சோமாலிய ஆயுதக் குழு 148 பேரைக் கொன்றபோது முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் பிரித்தே சுட்டது. அங்கே நோக்கத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. 2014 நவம்பர் 28 அன்று நைஜீரியாவின் கானோ நகரப் பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது குண்டுவெடித்துத் துப்பாக்கியால் சுட்டதில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள், பழி விழுந்தது போகோ ஹராம் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழுவின் மேல். ஜோஸ் பக்கமோ நிலம், மேய்ச்சல் பாதை, மாட்டுத் திருட்டு, யார் அந்த ஊரின் 'பூர்வகுடி' என்ற சான்றிதழ் சண்டை, எல்லாம் மதத்தோடு பின்னிக் கிடக்கின்றன. "வெறும் நிலத் தகராறு" என்பவர் தேவாலயமும் பள்ளிவாசலும் ஏன் எரிந்தன என்று சொல்ல வேண்டும். "வெறும் மதம்" என்பவர், நைஜீரியாவின் வடமேற்கு மாநிலமான ஸம்ஃபாராவில் முஸ்லிம் கிராமங்களை முஸ்லிம் கொள்ளையர்களே ஏன் சூறையாடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

மறுப்பையும் இதே தராசில் வையுங்கள். அரசே மறுத்தாலும் சரி. 2011 அக்டோபர் 9 இரவு கெய்ரோவின் மாஸ்பெரோ பகுதியில் காப்டிக் கிறிஸ்தவர்களின், அதாவது எகிப்தின் பழைய கிறிஸ்தவ சமூகத்தின், பேரணி நடந்தது. கிறிஸ்தவர்கள் ராணுவத்தைத் தாக்குகிறார்கள், மக்கள் வந்து காப்பாற்றுங்கள் என்று அரசுத் தொலைக்காட்சியே அழைத்தது. இறந்தவர்கள் 20 பேருக்கு மேல், பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தது வீடியோக்களில் இருக்கிறது. மறுப்பவர் சம்பவத்தை மறுக்கிறாரா, எண்ணிக்கையையா, காரணத்தையா என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைசி இரண்டைத்தான் மறுத்திருப்பார், தலைப்பு மட்டும் "நடக்கவே இல்லை" என்று வந்திருக்கும்.

தேடிப் பார்க்க நேரமில்லாதபோதும் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. அதற்கு இந்தோனேசியாவின் அம்போன் நல்ல உதாரணம். 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள் அன்று, ஒரு மினிபஸ் தகராறில் தொடங்கியது பல ஆண்டுப் போராகி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தகராறை யார் தொடங்கினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் நேரெதிரான கதை. 2011 செப்டம்பரில் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுநரின் சாவை வைத்து மறுபடி குறுஞ்செய்திகள் பறந்தன. விபத்து என்றது காவல்துறை, கொலை என்றன செய்திகள். கலவரம் வெடித்தது. அப்போது போதகர் ஜாக்கி மனுபுட்டியும் அவரோடு சேர்ந்த முஸ்லிம், கிறிஸ்தவ இளைஞர்களும் செய்தது இதுதான்: இன்ன இடம் எரிகிறது என்று செய்தி வந்தால் பக்கத்தில் இருக்கும் ஒருவர் போய்ப் பார்ப்பார், படம் எடுத்து இரு தரப்புக்கும் அனுப்புவார்.

நீங்கள் இருக்கும் குழுவில் அந்தச் செய்தி வந்தால் "பொய்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போடாதீர்கள். சரிபார்த்ததை மட்டும் கூற்று கூற்றாக எழுதுங்கள். அந்தக் காங்கோ படத்துக்கு இப்படி எழுதலாம்: "இந்தப் படம் 2010-ல் காங்கோவில் டேங்கர் எரிந்தபோது எடுத்தது. செய்தியில் சொல்லும் தாக்குதலை இன்னின்னார் உறுதி செய்திருக்கிறார்கள். இறந்தவர் எண்ணிக்கை இன்னும் உறுதியாகவில்லை. செய்தவர் யார் என்று விசாரணை நடக்கிறது." கூடவே பார்த்த தேதியையும் நேரத்தையும் போடுங்கள், நாளைக்கே எண்ணிக்கை மாறலாம்.